ஈ தூங்குகிறதா, முகம் துடைக்கிறதா? பழ ஈக்களுக்குக் கேமராப் பெட்டி கட்டிய கதை

பழ ஈயின் தூக்கத்தை அளக்கப் பல ஆய்வகங்கள் நம்பியிருப்பது மிக எளிய ஏற்பாடு. 5 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ஈக்கு உணவாகச் சர்க்கரை கலந்த அகர் கூழ், மறுமுனையில் பஞ்சு, உள்ளே ஒற்றை ஈ. குழாயின் நடுவே ஓர் அகச்சிவப்புக் கதிர் குறுக்காகப் போகும். ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண் ஏறும். தொடர்ந்து 5 நிமிடம் எண் ஏறாவிட்டால் ஈ தூங்குவதாகக் கணக்கு.

இந்த 5 நிமிடம் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. 2000ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே பழ ஈக்கும் தூக்கம் உண்டென்று காட்டின. சில நிமிடங்களாக அசையாமல் கிடக்கும் ஈயை எழுப்புவது கடினம். இரவில் தூங்கவிடாமல் செய்தால் மறுநாள் கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டும். காஃபீன் கொடுத்தால் தூக்கம் குறையும். நம் தூக்கத்துக்கு என்னென்ன அடையாளமோ, அதில் பெரும்பாலானவை அதற்கும் உண்டு. ஆகவே விதியோடு எனக்குச் சண்டை இல்லை. ‘அசையவில்லை’ என்பதை எதை வைத்து முடிவுசெய்கிறோம் என்பதில்தான் சிக்கல். அகர் முனையிலேயே நின்று சாப்பிட்டுக்கொண்டும் அங்கேயே சுற்றிக்கொண்டும் இருக்கும் ஈ நடுக்கதிரைக் கடக்காது. கருவியைப் பொறுத்தவரை அது ஆழ்ந்த தூக்கம்.

கேமரா வைத்தால் இது தீரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தோஸ்கோப் என்றொரு திறந்த வடிவமைப்பே 2017இல் வந்துவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகை, ஒரு கேமரா, முப்பரிமாண அச்சில் வார்த்த பெட்டி, அவ்வளவுதான். ஈ எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்பவர்கள் அதையே செய்துகொள்ளலாம், நன்றாக உழைக்கும். எனக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு படி கீழே: நின்ற இடத்திலேயே ஈ என்ன செய்கிறது என்பது. இடம் மாறாமல் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஈயும் தூங்கும் ஈயும், உடலின் மையப்புள்ளி இடம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கும் கணக்கில் ஒன்றுதான். அதைப் பிரிக்கத்தான் இந்தப் பெட்டி.

முதலில் கண்ணளவு. 20 குழாய்கள், பக்கத்துக்குப் பத்தாக இரண்டு வரிசை. பார்வைப் பரப்பு ஏறத்தாழ 140 மில்லிமீட்டர் அகலம். கேமராவை 1280 × 960 பிக்சலில் ஓட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு 9 பிக்சல் கிடைக்கும். ஈயின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம், அதாவது 23 பிக்சல் சுமார். இதற்குக் கீழே போனால் கால் அசைவு தெரியாது. மேலே போகக் கூடாதா என்றால் போகலாம், ஆனால் அப்போது குழாய்களைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கேமராவைக் கூட்ட வேண்டும்.

ஒரு குழாய்க்கு ஓர் ஈ என்று வைத்ததால் வேறொரு பெரிய தலைவலி தானாகவே ஒழிந்தது. பல ஈக்களை ஒரே தட்டில் விட்டால் இரண்டு ஈ உரசிப் பிரியும்போது எது எது என்ற குழப்பம் வரும். அதற்கென்றே 2009இல் சிடிராக்ஸ், 2014இல் ஐடிடிராக்கர் என்று மென்பொருள்கள் வந்தன. சுவாரசியமான கணிதம்தான். ஆனால் தூக்கத்தை அளக்க அது தேவையில்லை. கண்ணாடிச் சுவரே அடையாள அட்டை.

வெளிச்சம்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு. பழ ஈயின் கண்ணில் அதிகமாக உள்ள ஒளியேற்பி 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையிலும் புற ஊதாவிலும் நன்றாக வேலை செய்யும். சிவப்பு தாண்டினால் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் 850 நானோமீட்டர் எல்இடிகளைக் கீழே பரப்பி, மேலே பால்நிற அக்ரிலிக் தகடு போட்டேன். எல்இடிக்கும் தகட்டுக்கும் நடுவே, இரண்டு எல்இடிகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். குறைந்தால் தகட்டில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் குழாயின் வளைவில் நீளக்கோடாகப் பளபளப்பு விழும், ஈ அதற்குள் போனால் காணாமல் போகும். கீழிருந்து அடித்தால் ஈ கறுப்பு நிழலுருவாகத் துல்லியமாகத் தெரியும். குழாயின் இரு ஓரத்திலும் ஒளி முறிந்து கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும், ஆனால் அது அசையாத பட்டை, கழித்துவிடலாம்.

பகல், இரவுக்கு வேறு வெள்ளை எல்இடி, 12 மணி நேரம் எரியும், 12 மணி நேரம் அணையும். அது கேமராவின் கண்ணில் பட்டால் காலையும் மாலையும் படத்தின் வெளிச்சமே தாவிவிடும். எனவே அகச்சிவப்பு வடிகட்டி நீக்கப்பட்ட கேமராவை எடுத்து, அதன் முன்னால் அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் கறுப்பு வடிகட்டியை ஒட்டினேன். ஈக்குத் தெரியும் வெளிச்சம் கேமராவுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும் வெளிச்சம் ஈக்குத் தெரியாது. இந்த இரண்டு உலகமும் கலக்காமல் இருந்தால் பிற்பாடு நிரலில் பாதிப் பிரச்சினை வராது.

படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் கேமரா தானாகவே மாற்றும் தானியங்கி எக்ஸ்போஷர், கெய்ன், வெள்ளைச் சமன் மூன்றையும் பூட்ட வேண்டும். எல்இடியின் பிரகாசத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும் மங்கலாக்கியைப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கேமராக்கள் படத்தை வரிவரியாக எடுப்பவை, ஆகவே அந்த மினுக்கல் படத்தில் ஊர்ந்துபோகும் பட்டையாக விழும். சீரான மின்னோட்டம் தரும் டிரைவர்தான் சரி.

அப்புறம் சூடு. அகச்சிவப்பு எல்இடி கொஞ்ச நேரத்திலேயே தகட்டைச் சூடேற்றும். பழ ஈ 25 டிகிரியை ஒட்டி இருக்க விரும்பும் பிராணி, சூடு ஏறினால் அதன் தூக்கமும் மாறும். எல்இடிகளை அலுமினியத் தகட்டில் ஒட்டி, குழாய்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். விசிறி வைக்கலாம், ஆனால் பெட்டியோடு சேர்த்துத் திருகக் கூடாது. விசிறியின் நடுக்கம் குழாய்க்குப் போனால் 20 ஈயும் ஒரே நேரத்தில் ‘அசையும்’. தனித் தாங்கியில் நிறுத்தி, காற்று மட்டும் உள்ளே போகும்படி விட்டேன்.

இனி நிரல். பைத்தான் நிரல்மொழியும் படங்களை அலசும் ஓப்பன்சிவி நிரல் தொகுப்பும் போதும், ஆழ்கற்றல் எதுவும் தேவைப்படவில்லை. பின்னணியைக் கழி, மிஞ்சும் கறுப்புத் திட்டுகளில் பெரியதை எடு, அதன் மையப்புள்ளியைக் குறித்துக்கொள். பிரச்சினை ‘பின்னணி’ என்ற சொல்லில் இருக்கிறது. குழாய் நாளாக ஆக மாறும்: ஈயின் எச்சம் கறுப்புப் புள்ளிகளாகச் சேரும், அகர் பக்கம் நீர்த்துளி கட்டும். அதனால் பின்னணியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஓப்பன்சிவியில் அதற்கென்றே தானாகக் கற்றுக்கொள்ளும் வழிமுறைகள் உண்டு. அவை சாலையில் வண்டி எண்ண அருமையானவை. இங்கே வைத்தால் விபரீதம்: அரைமணி நேரம் தூங்கும் ஈயை நிரல் மெல்ல மெல்லப் பின்னணியாக ஏற்றுக்கொண்டு, ஈயே இல்லை என்றுவிடும். ஈ எழுந்து போனதும் அது கிடந்த இடத்தில் வெள்ளையாக ஓர் ஆவி நிற்கும். எதை அளக்க வந்தோமோ அதையே அழிக்கும் வழிமுறை! இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு: ஈ இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றி ஓர் ஈயளவு விளிம்பையும் மறைத்துவிட்டு, மீதி இடத்தை மட்டும் புதுப்பிப்பது. ஈ இடம் மாறிய பிறகுதான் அந்தத் துண்டின் முறை வரும்.

அடுத்தது வீடியோ சுருக்கம். 1280 × 960 கறுப்புவெள்ளைப் படம் ஒன்றுக்கு 12 லட்சத்து 28 ஆயிரத்து 800 பைட். நொடிக்கு 5 ஃபிரேம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 530 ஜிபி. எனவே யாரும் எச்.264 என்ற வழக்கமான வீடியோ சுருக்க முறையைப் போட்டுச் சுருக்கவே பார்ப்பார்கள். மையப்புள்ளி மட்டும் வேண்டுமென்றால் அதில் தப்பில்லை. நின்ற இடத்து அசைவை அளப்பவருக்கு அது விஷம். அந்த முறை முழுப் படத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறைதான் எழுதும், நடுவிலுள்ள ஃபிரேம்களில் மாற்றத்தை மட்டும் எழுதும். சின்ன மாற்றத்தை ‘கண்ணுக்குத் தெரியாது’ என்று விட்டும்விடும். முழுப் படம் வரும்போது விட்டதெல்லாம் ஒரே தாவலில் திரும்பும். தரவில் பார்த்தால் 20 குழாயிலும் ஒரே தாளத்தில் துடிப்பு. காலியான குழாயிலும்கூட. உயிரியல் சந்தமென்று மயங்க வைக்கும் அளவுக்கு ஒழுங்கான துடிப்பு அது.

ஆகவே முழு வீடியோவைச் சேமிப்பதையே விட்டேன். கேமராவிலிருந்து வரும் சுருக்காத ஃபிரேமில் ஈயைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி 48 × 48 பிக்சல் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறது நிரல். 20 துண்டு, நொடிக்கு 5 முறை. கணக்குப் போட்டால் நாளுக்கு 20 ஜிபிக்குள் அடங்கும். தரம் குறையாத சுருக்கம் செய்தால் இன்னும் இறங்கும்.

நேரக்குறி விஷயம் ஒன்றுதான்: ராஸ்பெர்ரி பை 4 வரை வந்த பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. நெட்வொர்க் கிடைத்ததும் நேரம் திடீரென்று தாவும். இடைவெளிகளுக்குத் தாவாத உள்கடிகாரத்தையும், நாள் நேரத்துக்கு மட்டும் வழக்கமான கடிகாரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டியின் மிக முக்கியமான உறுப்பினர்: செத்த ஈ. 20 குழாயில் ஒன்றில் எப்போதும் ஒரு செத்த ஈயைப் போட்டுவைக்கிறேன். அதன் அசைவு பூஜ்யம் என்று நமக்கு உறுதியாகத் தெரியும், எனவே அதில் நிரல் காணும் அசைவெல்லாம் பெட்டியின் இரைச்சல். கேமராவின் மின் இரைச்சல், விசிறி, கதவைச் சாத்தும் அதிர்வு எல்லாம் அதில் பதியும். அதற்கும் ஒரு கெடு உண்டு. காய்ந்து சுருங்கினால் நிழலுருவின் வடிவம் மாறும், அகர் பக்கத்து நீர்த்துளி வழிந்து அதைத் தொட்டால் உருளும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

படத்தில் எவ்வளவு மாற்றம் இருந்தால் அசைவென்று கொள்வது என்ற வரம்பைச் செத்த ஈயின் இரைச்சலிலிருந்துதான் எடுக்கிறோம். இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். இரைச்சல் ஆயிரத்தில் ஒரு ஃபிரேமில்தான் வரம்பைத் தாண்டுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 நிமிடத்தில் 1500 ஃபிரேம். ஆயிரத்தில் ஒன்றென்றால் 5 நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றரைப் பொய் அசைவு. ஒரு பொய் அசைவு விழுந்தாலே 5 நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். செத்த ஈயே சரியாகத் தூங்க மாட்டேன் என்கிற நிலை! 5 நிமிடத் துண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் தப்பிப் பிழைக்கும், ஒருமணி நேரத் தூக்கம் உடையாமல் பதிவாக வாய்ப்பே இல்லை. இதற்கு வரம்பை ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகாது, நிஜமான சிறு அசைவும் அதோடு போய்விடும். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் தாண்டினால்தான் அசைவு என்று வைத்தேன். இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் தொடர்பில்லாமல் வருவதாக இருந்தால், ஆயிரத்தில் ஒன்று பத்து லட்சத்தில் ஒன்றாகும். கதவு அதிர்வு போன்றவை அப்படித் தொடர்பில்லாமல் வராது. ஆனால் அவை எல்லாக் குழாயிலும் ஒரே நொடியில் வரும், அந்த நொடியையே தள்ளிவிடலாம்.

துண்டுப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பது ஒரு தனி இன்பம். நிழலுருதான் என்றாலும் முன்னங்கால் இரண்டையும் குளிரில் கை தேய்ப்பதுபோல் தேய்ப்பது, பிறகு தலையைத் தாழ்த்திக் கண் மேல் இழுப்பது, பின்னங்காலால் சிறகைத் தடவுவது எல்லாம் பிரித்துத் தெரிகிறது. தூசி தூவிய ஈ முதலில் கண்ணையும் தலையையும் துடைத்துவிட்டுத்தான் வயிறு, சிறகு, முதுகு என்று பின்னோக்கிப் போகும் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தூசியில்லாத என் ஈக்களிடம் அந்த ஒழுங்கை அவ்வளவு கறாராக எதிர்பார்க்க முடியாது. அளவு எளிது: துண்டுப் படத்தை ஈயின் மையத்துக்கு நேராக்கி, முந்தைய படத்தோடு பிக்சல் வித்தியாசம் பார்த்து, ஈயின் பரப்பால் வகுப்பது. மையப்புள்ளி அசையாமல் இந்த எண் மட்டும் உயர்ந்தால் ஈ தன்னைத் துடைத்துக்கொள்கிறது.

அல்லது தூங்குகிறது! 2021இல் வெளியான ஒரு ஆய்வு இந்தக் கணக்கில் கல்லைப் போட்டது. ஈ ஆழ்ந்து தூங்கும்போது வாய்க்குழலைத் திரும்பத் திரும்ப நீட்டி மடக்குகிறது, உடலின் கழிவை அகற்ற அது உதவுகிறது என்பது அதன் முடிவு. அப்படியானால் அசைவு உண்டு, தூக்கமும் உண்டு. நீண்ட நேரம் கிடந்த ஈக்களின் துண்டுகளை எடுத்துப் பார்த்தால், தலைப்பக்கம் மட்டும் நாலைந்து பிக்சல் நீண்டு சுருங்குவது சிலவற்றில் தெரிகிறது. ஈ குழாயின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாகத் தெரியும், முதுகை நேராகக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் உடலே மறைத்துவிடும். துடைப்பதில் கால்களும் உடலின் பல பகுதிகளும் மாறும். குழல் நீட்டுவதில் தலைமுன் ஒரு சின்ன இடம் மட்டும், சீரான இடைவெளியில். ஈயின் நீளவாக்கில் துண்டை மூன்றாகப் பிரித்து வித்தியாசத்தைத் தனித்தனியே எழுதினால் ஓரளவு பிரிகிறது. ஈயின் தலை எந்தப் பக்கம் என்பதை, அது கடைசியாக நடந்த திசையிலிருந்து நிரல் எடுத்துக்கொள்கிறது. அரிதாக ஈ பின்னோக்கி நடப்பதும் உண்டு, எனவே கடைசி அடியை மட்டும் பார்க்காமல் கடைசிச் சில சென்டிமீட்டரைப் பார்ப்பது நல்லது.

பூச்சியியலில் கணினி வேலை என்று சொன்னால் கேட்பவர் மனதில் மரபணுத் தொகுதிதான் வரும். அது நியாயம். பழ ஈயின் மரபணுத் தொகுதி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2024இல் முதிர்ந்த ஈயின் மூளையில் உள்ள 1,39,255 நரம்பணுக்களையும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் வரைபடமாக வெளியிட்டார்கள். அந்த வரைபடத்தில் ஏதோவொரு நரம்பணுவை அணைத்தால் ‘தூக்கம் குறைந்தது’ என்று யாராவது எழுதுவார்கள். குறைந்தது தூக்கமா, துடைப்பு கூடியதா என்பதை அந்த நேரத்தில் ஓடிய பெட்டியின் வரம்புதான் முடிவுசெய்திருக்கும். இந்தத் துறையில் உயிரியல்காரர்கள் என்னை நிரல்காரன் என்பார்கள், நிரல்காரர்கள் ஈ பிடிப்பவன் என்பார்கள். வேலைக்கு வரும் இளையவர்கள் ஆழ்கற்றலைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், நல்லதுதான். நான் முதலில் கேட்பது உங்கள் எல்இடி எத்தனை டிகிரிக்குச் சூடாகிறது என்று.

பெட்டி நம்பத்தக்கதா என்று பார்க்கத் தெரிந்த விஷயத்தை அளந்து பார்ப்பதுதான் வழி. சாதாரண ஈக்கள் விளக்கு எரியும் நேரத்தை ஒட்டியும் அணையும் நேரத்தை ஒட்டியும் சுறுசுறுப்பாக இருக்கும், விளக்கு மாறுவதற்குச் சற்று முன்னரே ஓடத் தொடங்கும். நடுப்பகலில் தூங்கும், ஆண் ஈ கூடுதலாக. மூன்றும் கிடைத்தன. பிறகு விளக்கை முழுவதும் அணைத்துவிட்டு உள்கடிகாரத்தின் கால அளவைப் பார்க்கலாம். 1971இல் கொனாப்காவும் பென்சரும் கண்டுபிடித்த பீரியட் மரபணுத் திரிபுகளில் ஒன்றுக்கு 19 மணி நேர நாள், இன்னொன்றுக்கு 28 மணி நேர நாள், மூன்றாவதுக்குத் தாளமே கிடையாது. அந்த மரபணுவைத் தொடர்ந்து போனவர்களுக்குத்தான் 2017இல் நோபல் கிடைத்தது. 19க்கும் 24க்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாத பெட்டியென்றால் அதைப் பிரித்துப் போட்டுவிடலாம். கால அளவு காண லாம்ப்-ஸ்கார்கிள் முறையை எடுத்தேன். விண்மீன்களின் இடைவெளி விட்ட தரவுக்காக உருவானது அது. நடுவில் சில மணி நேரம் கேமரா நின்றாலும் சமாளிக்கும்.

இப்போது நிரல் எழுதும் கோப்பில் ‘தூக்கம்’ என்ற பத்தியே கிடையாது. ஒவ்வொரு நொடிக்கும் நடந்த தூரம், தலை, நடு, பின் என்று மூன்று வித்தியாச எண்கள், நேரக்குறி, அதே நொடியில் செத்த ஈயின் எண்கள். தூக்கத்தைத் தனி நிரல் கணக்கிடும், வரம்பையும் நிமிடத்தையும் கேட்டு வாங்கும். ஒரே பதிவைப் பழைய கதிர்க் கருவி பார்ப்பதுபோலவும் கணக்கிடச் சொல்லலாம்: குழாயின் நடுவில் கற்பனையாக ஒரு கோடு போட்டால் ஆயிற்று. கதிர்க் கணக்கில் வரும் தூக்கம் எப்போதும் கூடுதல், அதிலும் சாப்பாட்டு முனையை விட்டு நகராத பெண் ஈக்களில்.

மிச்சமிருப்பது எழுப்பிப் பார்க்கும் சோதனை. அசையாமல் இருப்பது தூக்கம்தான் என்பதற்கு, எழுப்பக் கடினமாகிறதா என்பதே அசல் சாட்சி. குழாய்த் தட்டின் அடியில் செல்பேசியில் வரும் அதிர்வு மோட்டார் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். ஒழுங்கற்ற இடைவெளியில் ஒரு நொடி அதிரும். எத்தனை நிமிடமாக அசையாத ஈ எத்தனை முறை எழுந்தது என்பதிலிருந்து, இந்தப் பெட்டிக்கு 5 நிமிடம் சரியா, நின்ற இடத்து அசைவையும் சேர்த்துப் பார்த்தால் அது 3 ஆகிறதா 7 ஆகிறதா என்று தெரியவேண்டும். மோட்டார் ஓடும் நொடியில் செத்த ஈயும் துள்ளுகிறது. அது அடங்கிய பிறகு வரும் ஃபிரேம்களைத்தான் கணக்கில் எடுக்கிறேன்.